நூற்றைம்பது டிகிரியில் நாற்பது நிமிடம்

இங்கே இருப்பவர்களை எண்ணி வைத்துக்கொள்கிறேன், பிற்பாடு யாரேனும் விசாரித்தால் பிசகாமல் சொல்ல வேண்டும்: என் தம்பி சென்னகேசவன், ஆவாரம்பாளையத்து இந்தப் பம்ப் பட்டறையின் முதலாளி, அவன் மனைவி வனமாலா, இருபத்தாறு வருடமாக அவனுக்குக் கடைசல் வேலை செய்யும் நாச்சிமுத்து, பழைய கார்களை மட்டுமே தொடுவேன் என்று விரதம் பூண்ட மெக்கானிக் அருளப்பன், பிறகு நான், கோதைநாயகி, பெண்கள் கல்லூரியில் முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் கற்பித்து ஓய்ந்தவள். ஐந்து பேர். வெள்ளிக்கிழமை பட்டறைக்கு வார விடுமுறையாதலால் வேறு ஆளில்லை. எங்கள் ஐவருக்கும் எதிரே, மோட்டார்களின் செம்புக் கம்பிச் சுருள்களை வார்னிஷில் முக்கி உலர்த்துவதற்கான ஓவன், பீரோ அளவுக்கு, கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறது. அதற்குள் அலுமினிய பிரேக் டிரம்கள் இரண்டு, வாய் கீழாகக் கவிழ்ந்து, அருகருகே. ஒன்று அருளப்பன் பெங்களூர்ச் சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து கொண்டுவந்த சீமை ஜோடியில் ஒன்று. மற்றது சென்னகேசவன் தானே வார்த்த ஜோடியில் ஒன்று. எந்த ஜோடி வண்டியில் ஏற வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்பா பட்டறையைத் தம்பிக்கும், ஐம்பத்து மூன்றாம் வருடத்து மாரிஸ் மைனரை எனக்கும் எழுதிவைத்துப் போனார். ஓட்டுகிறவன் அவன், உடையவள் நான். ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் அணிவகுப்பு, குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறக்கம், தம்பதியாக வருவோரின் உடைக்குத் தனிப் பரிசு வேறு உண்டாம், ஆகவே இடப்பக்க இருக்கையில் பட்டுச் சேலையுடன் வனமாலா அமர்வாள். பழைய இரும்பு டிரம்கள் விரிசல் கண்டுவிட்டன. மலை இறக்கத்தில் இரும்பு சூட்டை விழுங்கி வைத்துக்கொள்ளும், அலுமினியம் கையோடு கொட்டிவிடும் என்று அருளப்பன் சொன்னார், அது சரிதான், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஓவனின் முள் அறுபதில் நிற்கிறது. நூற்றைம்பதில் நாற்பது நிமிடம் என்று நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

ஏனெனில் விடை எனக்கு ஓவன் இல்லாமலே தெரியும். தம்பியின் டிரம்மைக் கையில் வாங்கி உள்ளே பார்த்த கணமே தெரிந்தது. பிரேக் ஷூ உரசுவதற்கு அலுமினியம் தாங்காது, அதனால் உள்ளே ஓர் இரும்பு வளையம் வேண்டும். சீமை டிரம்மில் அந்த வளையத்தை அச்சில் வைத்து, அதைச் சுற்றி உருக்கிய அலுமினியத்தை ஊற்றி, இரண்டையும் ஒரே பிண்டமாக்கியிருக்கிறார்கள். பிரிக்க வேண்டுமானால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். சென்னகேசவன் அப்படிச் செய்யவில்லை. அவன் அலுமினிய ஓட்டைத் தனியே வார்த்து, சூடாக்கி விரித்து, வளையத்தின் மேல் இறக்கி, ஆறவிட்டு இறுக்கியிருக்கிறான். "முப்பது வருசமா மோட்டார் பாடிக்குள்ள இப்படித்தான் இரும்புக் கட்டய எறக்கறோம் அக்கா, ஒண்ணாச்சும் கழண்டு வந்துதா? எட்டு தௌ இறுக்கம் குடுத்திருக்கறேன், யானை வந்து இழுத்தாலும் வராது" என்றான். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ. எட்டு தௌ என்பது நல்ல இறுக்கம்தான். குளிர்ந்திருக்கும்வரை. மோட்டாரில் வெளியுடலும் இரும்பு, உள்ளே இறங்குவதும் இரும்பு, சூடானால் இரண்டும் ஒன்றாக விரியும், ஒன்றாகச் சுருங்கும், அதனால் முப்பது வருடம் கழலவில்லை. இங்கே வெளியே அலுமினியம். இரும்பு ஓர் அடி விலகினால் அது இரண்டடி விலகும். பம்ப் செய்கிறவர்களைத் தவிர வேறு எவனுக்கும் இந்தத் தவறு செய்யத் தோன்றாது, இவ்வளவு நம்பிக்கையுடன் தோன்றாது. ஏழு அங்குல விட்டம், எட்டு தௌ, விரிவு எண்களின் வித்தியாசம்: தொண்ணூற்று நான்கு டிகிரி. அறையின் சூட்டோடு தொண்ணூற்று நான்கு கூடினால் வளையம் தன்னந்தனியாகிவிடும். குன்னூர் இறக்கத்தில் பர்லியாற்றுக்கு முன்பே அதைப்போல் இரண்டு மடங்கு ஏறும். ஷூ வளையத்தைப் பிடிக்கும், வளையம் நின்றுவிடும், சக்கரம் நிற்காது. மிதிக்கிறவன் மிதித்துக்கொண்டே இருப்பான். இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். வகுப்பில் சொல்வதுபோல, கரும்பலகைகூட வேண்டாம். நான் சொன்னது, "இரண்டையும் ஓவனில் வை, பார்ப்போம்" என்பது மட்டும். ஓவன் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். தொண்ணூற்று நான்கு. முள் எழுபத்தைந்து.

"ஓவன்ல வெச்சதப் பாத்தா எனக்கென்னமோ கேக்கு ஞாபகம் வருதுங்க டீச்சரம்மா" என்கிறார் நாச்சிமுத்து. அருளப்பன் சிரிக்கிறார், பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறார். "மோட்டார் வேறங்க சார், டிரம் வேற. நான் மொதல்லயே சொன்னேன்" என்கிறார் மெதுவாக. "பெங்களூர்ல எவனோ கழிச்சுப் போட்டதத் தூக்கிட்டு வந்துட்டு எனக்கே வேற வேறன்னு பாடம் நடத்தறியா அருளப்பா? ஏழு ஸ்டேட்டுக்குப் பம்ப் அனுப்பறவன் நான். எங்கக்கா ஒருத்தி போதும் பாடம் நடத்த." எல்லாருக்கும் கேட்கும்படிதான் பேசுவான், அப்பாவும் அப்படித்தான், கேட்கிறவர்கள் இருக்கும்போது குரல் விரியும், வீட்டுக்குப் போனதும் சுருங்கி இறுகும், இறுகிய பிறகுதான் கை எழும். "அண்ணி கேட்டதுல தப்பில்லைங்களே, சூடு பண்ணிப் பாத்துட்டா நமக்கும் ஒரு நிம்மதி" என்று வனமாலா சொல்கிறாள். அவன் திரும்பவில்லை. அருகில் நின்றவாறே வலக்கையை எடுத்து அவள் பிடரியில் வைக்கிறான், பார்க்கிறவர்களுக்குச் செல்லம்போலத் தோன்றும், கட்டைவிரல் மட்டும் காதின் கீழ்க் குழியில் அழுந்துகிறது, நகம் வெளுக்கும் அளவுக்கு. அவள் அசையவில்லை. நாச்சிமுத்து தரையில் கிடந்த பித்தளைச் சீவலைக் காலால் ஒதுக்குகிறார், அருளப்பன் ஓவனின் முள்ளைப் பார்க்கிறார், நான் அந்தக் கட்டைவிரலைப் பார்க்கிறேன். இடுக்கியால் அந்த டிரம்மை எடுத்து அவன் பொட்டில் அடித்தால் என்னவாகும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும், நாலு கிலோ, கையின் வீச்சு இரண்டடி, பொட்டெலும்பு தலையிலேயே மெல்லியது, ஒரே அடி, நூறு டிகிரி உலோகம் தோலில் ஒட்டி உரியும், அவன் பட்டறைக்கல்லாகக் கிடக்கும் தண்டவாளத் துண்டின் மேல் விழுவான், விழும்போது விரல் அவள் பிடரியிலிருந்து கழலும். கழலும். அதற்கு எத்தனை டிகிரி வேண்டும் என்று கணக்குப் போட எந்தப் புத்தகமும் இல்லை. நான் நாற்காலியில் நேராக அமர்ந்திருக்கிறேன். முப்பத்து மூன்று வருடம் நேராக நின்றே பழகியவள்.

எனக்குப் பதினான்கு வயது, சென்னகேசவனுக்கு ஏழு. பாரமானிப் பாடம் அந்த வாரம்தான் நடந்தது. தாராபுரத்திலிருந்து ஒருவர் பம்ப் வாங்க வந்திருந்தார், வேட்டியில் மடிப்புக் கலையாத பெரிய மனிதர், அப்பா அவரிடம், கிணறு நாற்பத்தைந்து அடி ஆழமானாலும் என் பம்பை மேட்டிலேயே உட்காரவைத்தால் உறிஞ்சிவிடும் என்றார். நான் காபி கொண்டுபோனவள், தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்: முப்பத்து நான்கு அடிக்கு மேல் எந்தப் பம்பும் உறிஞ்ச முடியாது அப்பா, காற்றின் அழுத்தம் அவ்வளவுதான் தள்ளும். தாராபுரத்துக்காரர் வாய்விட்டுச் சிரித்தார், உங்க பொண்ணுகிட்டயே கேட்டு வாங்கிக்கறேன் என்றார், வாங்காமலே போனார். அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கடுஞ்சொல்கூட இல்லை. கெட்டிக்காரி என்றுகூடச் சொன்னார். அவர் என்மேல் கைவைத்ததே இல்லை, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்குகிற பெண், நாலு பேர் பார்க்கிற பெண். சாயங்காலம் கோயிலுக்குப் போக அம்மா காரில் ஏறினாள், இடப்பக்கக் கதவு, கதவின் விளிம்பைப் பிடித்தபடி உள்ளே அமர்ந்தாள், அப்பா வெளியே நின்று கதவைச் சாத்தினார். வேகமாகக்கூட இல்லை. சாத்தி, இடுப்பை முட்டுக்கொடுத்து அழுத்திக்கொண்டு நின்றார், தெருவில் போன யாருக்கோ தலையசைத்தார். அம்மாவின் நான்கு விரல்கள் அந்த இடுக்கில் இருந்தன. விறகு முறிவதுபோல எந்தச் சத்தமும் வரவில்லை, ஈரமான ஏதோ நசுங்கும் சத்தம்தான். அம்மா கத்தவில்லை, மூச்சை உள்ளே இழுத்தாள், அவ்வளவு நீளமான மூச்சை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. பின்னிருக்கையில் நானும் தம்பியும். தம்பி அந்தக் கதவையே பார்த்தான். நான் மனதுக்குள் முப்பத்து நான்கு, முப்பத்து நான்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன், சரியான விடை, பாடநூலில் அப்படித்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் அம்மா, "வண்டிக் கதவு தானாச் சாத்திக்கிச்சுங்க டாக்டர்" என்றாள். அந்த வருடம் இயற்பியலில் நான் மாவட்டத்தில் முதல். அம்மா கோணிய விரல்களால் எனக்குத் தலை பின்னிவிட்டாள், பின்னல் தளர்ந்து தளர்ந்து அவிழ்ந்தது, நான் பிறகு வெட்டிக்கொண்டேன்.

முள் நூற்றிருபது. முள் காட்டுவது உள்ளிருக்கும் காற்றின் வெப்பம், உலோகம் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும், என்றாலும் வந்துவிடும். அவமானப்பட்டவன் தன்னை அவமானப்படுத்தியவளை அடிப்பதில்லை, இது எங்கள் குடும்பத்தில் நிரூபணமான உண்மை. அவள் படித்தவள், அவளுக்கு வெளியே ஆட்கள் இருக்கிறார்கள். அடி இன்னொருத்திக்குப் போகும். நான் இப்போது வாயைத் திறந்து எட்டு தௌ போதாது என்று சொன்னால், நாச்சிமுத்துவும் அருளப்பனும் கேட்டுக்கொண்டிருக்க, ஏழு மாநிலங்களுக்குப் பம்ப் அனுப்புகிறவனின் வார்ப்பு உதவாது என்று சொன்னால், அவன் சிரிப்பான், "எங்கக்கா கெட்டிக்காரி" என்பான், அப்பாவின் அதே சொல், அப்புறம் இவர்கள் இருவரும் வீட்டுக்குப் போவார்கள். கதவு சாத்தப்படும். நான் சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை. மூன்றாவது வளைவிலோ நான்காவதிலோ அவன் மிதிப்பான், பிரேக் மிதி கல்லாய் இறுகி நிற்கும், வண்டி இன்னும் வேகமெடுக்கும், அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கைபிரேக்கை இழுப்பான், கம்பி அறுந்து கையோடு வரும், சாலையோரக் கல் ஒன்று, இரண்டு, பிறகு கல்லே இல்லை, மாரிஸ் மைனர் மூக்கைக் குத்திக்கொண்டு காப்பிச் செடிகளுக்குள் இறங்கும், முன்கண்ணாடி அந்தக் காலத்துக் கண்ணாடி, துண்டு துண்டாகக் கத்தியாகும், ஸ்டீயரிங் தண்டு ஈட்டிபோல நேராக நெஞ்சுக்கு வரும். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னொரு முறை பார்த்தேன், இம்முறை மெதுவாக, தண்டு நெஞ்செலும்பைத் தொடும் இடத்தில் நிறுத்தி. அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். இடப்பக்க இருக்கையைப் பார்க்காமல் பார்த்தேன். அப்படிப் பார்க்க முடிகிறது, பழக்கம்தான். ஆனால் அந்த இருக்கையில் ஒருத்தி பட்டுச்சேலையோடு இருக்கிறாள். அவளை இறக்கிவிட்டு வண்டியை உருட்ட என் கணக்கில் வழியில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் வனமாலா என் வீட்டுக்கு வந்தாள். இடது காதில் பஞ்சு வைத்திருந்தாள், பஞ்சில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கசிவு. உட்காரச் சொன்னேன், மோர் கொடுத்தேன், விடைத்தாள்கள் மேஜையில் கிடந்தன. "ரெண்டு நாள் இங்க இருந்துக்கட்டுங்களா அண்ணி?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்பதை ஓர் எழுத்தும் மாறாமல் வைத்திருக்கிறேன். "அவன் நாலு பேர்கிட்டப் பேசிட்டு இருக்கறப்ப நீ எதுக்குக் குறுக்கே பேசறே?" என்றேன். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு குறுக்கே பேசியவள் நான், என் வாயிலிருந்தே அது வந்தது. அவள் மோரை முழுவதும் குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள், போய்விட்டாள். அந்தக் காது அதற்குப் பிறகு கேட்கவில்லை. நான் மிச்சமிருந்த விடைத்தாள்களைத் திருத்தி முடித்தேன். ஒருத்தி நெம்புகோல் கணக்கில் தசமப் புள்ளியைத் தவறவிட்டிருந்தாள், ஒரு மதிப்பெண் குறைத்தேன். எனக்கு அது இப்போது ஏன் ஞாபகம் வருகிறது. முள் நூற்று நாற்பது. இப்போது நடந்திருக்கும். இந்தக் கதவுக்குப் பின்னால், சத்தமில்லாமல், அலுமினியம் கையை விட்டிருக்கும், இரும்பு தனியே நின்றிருக்கும். ஐந்து பேரில் எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தால் வனமாலா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஓவனை அல்ல. என்னை. எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாளோ. அவளுக்குத் தௌவும் தெரியாது, விரிவு எண்ணும் தெரியாது. ஒரு முகம் ஒன்றைத் தெரிந்துகொண்டே சொல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பது தெரியும், அதில் அவளுக்கு என்னைவிட நீண்ட பயிற்சி.

முள் நூற்றைம்பதைத் தொட்டு நாற்பது நிமிடம் கழிகிறது. "நேரமாச்சுங்க" என்கிறார் நாச்சிமுத்து. கதவைத் திறக்கிறார், சூடு முகத்தில் அறைகிறது, வார்னிஷ் நெடி. நீண்ட இடுக்கியால் சீமை டிரம்மின் வெளியுடலைப் பிடித்துத் தூக்குகிறார், அது முழுசாக வருகிறது, மேஜையின் மேல் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டுகிறார், மணிபோல ஒரு நாதம். "பரவாயில்ல, பெங்களூர்க்காரன் பாடறான்" என்கிறார். பிறகு முதலாளியின் டிரம். இடுக்கி பிடிக்கிறது, தூக்குகிறது, அலுமினிய ஓடு மேலே வருகிறது. இரும்பு வளையம் தட்டிலேயே கிடக்கிறது. அவ்வளவுதான். ஒன்றும் விழவில்லை, ஒன்றும் உடையவில்லை, ஒரு வட்டம் தட்டில் கிடக்கிறது, இன்னொரு வட்டம் இடுக்கியில் தொங்குகிறது, நாச்சிமுத்து அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார். அருளப்பன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிறார். "கர்த்தரே. இத மாட்டிட்டா எறங்க இருந்தோம்" என்கிறார். சென்னகேசவன் சிரிக்கிறான். நான் எதிர்பார்த்த அதே சிரிப்பு, முகத்தின் கீழ்ப்பாதியில் மட்டும். "அதனால என்ன, எட்டுக்குப் பன்னெண்டு தௌவா வெச்சாப் போச்சு. நாச்சிமுத்து, நாளைக்குக் காலைல வேற வளையம் கடைஞ்சுரு. ஞாயித்துக்கெழமை நம்ம டிரம்லதான் எறங்கறோம். என்ன வனமாலா, வர்றியல்ல? பயமா?" அவள் தோளைத் தட்டுகிறான். ஒருமுறை. இரண்டாவது முறை இன்னும் கொஞ்சம் அழுத்தமாக, கையை எடுக்காமல்.

"நிக்காது" என்று நான் சொல்கிறேன். ஓவன் சொன்ன பிறகுதான் எனக்கு வாய் வந்தது, இதையும் எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். "பன்னெண்டு தௌ வெச்சா நூத்தி அறுபத்தஞ்சு டிகிரில கழலும். எறக்கத்துல இருநூத்தம்பது வரும். நீ எவ்வளவு இறுக்கினாலும், அலுமினியம் ஓடு விரிஞ்சு போயிரும், இல்லீன்னா ஆறறப்ப வெடிச்சிரும். உனக்கு இது தெரியலைங்கறது தப்பில்ல. எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாத் தெரியும். தெரிஞ்சுதான் உக்காந்திருந்தேன். அருளப்பன், நீங்க கொண்டுவந்ததைப் பூட்டுங்க. அப்புறம் ஞாயித்துக்கெழமை வண்டிய இவன் எடுக்க வேண்டாம், என் வண்டி, நீங்களே ஓட்டுங்க." சென்னகேசவனின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருக்கிறது, அதை எடுக்க மறந்துவிட்டான். "அக்கா, நீ ரொம்பக் கெட்டிக்காரி" என்கிறான் மிகவும் தாழ்ந்த குரலில். குரல் சுருங்கிவிட்டது, இறுகிக்கொண்டிருக்கிறது, எனக்கு அது பிடரியில் தெரிகிறது. எழுந்து நிற்கிறேன். என் வாழ்நாளில் சொல்லியிராத ஒன்றை, வகுப்பறைக் குரலில்தான் வருகிறது, வேறு குரல் என்னிடம் இல்லை, சொல்கிறேன்: "வனமாலா, நீ இன்னிக்கு அவனோட போக வேண்டாம். என்னோட வா. என் வீட்ல இருந்துக்கலாம்." கையைக்கூட நீட்டிவிட்டேன். அவள் என் கையைப் பார்க்கிறாள். கோபமாக அல்ல, ஒரு பொருளைக் கடையில் பார்ப்பதுபோல, வேண்டுமா வேண்டாமா என்று. பிறகு தோளிலிருந்த அவன் கையை, விரல்விரலாக, எடுத்து விலக்குகிறாள். நாற்காலியின் முதுகில் தொங்கிய பையை எடுத்து மாட்டிக்கொள்கிறாள். அவள் போகும் வழியில் நான் நிற்கிறேன், நான்தான் ஒதுங்க வேண்டியிருக்கிறது, ஒதுங்குகிறேன். "ஏ, எங்க போறே? உன்னைத்தான், எங்கடி போறே?" என்று சென்னகேசவன் கத்துகிறான், எல்லாருக்கும் கேட்கும் குரலில், நாச்சிமுத்து இடுக்கியோடும் அதில் தொங்கும் அந்தச் சூடான ஓட்டோடும் அவனுக்குக் குறுக்கே வந்து நிற்கிறார், வேண்டுமென்றா தற்செயலாகவா தெரியவில்லை. வனமாலா திரும்பிப் பார்க்கவில்லை. வெயிலில் முற்றத்தைக் கடக்கிறாள், மாரிஸ் மைனரைக் கடக்கிறாள், இரும்புக் கேட்டின் சின்னக் கதவைத் திறந்து வெளியே போய் இடப்பக்கம் திரும்புகிறாள். அவர்கள் வீடு வலப்பக்கம். என் வீடும் வலப்பக்கம்தான்.